அடுப்படியில் நிற்பவரும் ஆராதனைக்குப் போகட்டும்

ஈஸ்டர் அன்று எங்கள் அம்மா பல வருடம் அதிகாலை ஆராதனைக்கு வந்ததில்லை. நாங்கள் நாலு மணிக்கே எழுந்து குளித்து, புதுத்துணி உடுத்தி, இருட்டோடு இருட்டாகக் கிளம்புவோம். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். "நீங்க போயிட்டு வாங்க சாமி, கறி வேகோணும்" என்பார். நாங்கள் திரும்பி வரும்போது வீடு முழுக்க பிரியாணி வாசம். அம்மாவின் முகத்தில் மட்டும் திருநாள் இருக்காது, வேர்வைதான் இருக்கும்.

உயிர்த்தெழுந்த செய்தியை முதலில் கேட்டவர்கள் பெண்கள். விடிவதற்கு முன்பே சுகந்தவர்க்கங்களோடு கல்லறைக்குப் போனவர்கள். அந்தப் பகுதி ஆலயத்தில் வாசிக்கப்படும் அதே நேரத்தில் எத்தனை வீட்டில் பெண்கள் அடுப்பு முன்னால் நிற்கிறார்கள்! இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியது அந்த எண்ணம்தான்.

பிரியாணி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. லெந்து நாட்களில், கத்தோலிக்க வீடுகளில் சொல்வதுபோல் தவக்காலத்தில், நாற்பது நாள் கறி தொடாதவர்கள் அன்று ஆசையாகச் சாப்பிடுவது நியாயமே. ஆனால் நாற்பது நாள் பருப்பும் கீரையும் கஞ்சியுமாக இருந்த வயிற்றில், தூக்கம் கெட்ட காலையில், கோயம்புத்தூர் வெயில் 36, 37 டிகிரியைத் தொடும் மதியத்தில், நெய்யும் மசாலாவுமாக ஒரே மூச்சில் இறக்கினால் என்ன ஆகும்? இரண்டு மணிக்கு வீடே சுருண்டு படுத்துக்கொள்ளும். சாயங்காலம் யாராவது சோடா கேட்பார்கள்.

எனவே இங்கே சொல்லப்போகும் பந்திக்கு இரண்டே நிபந்தனைகள். சமைப்பவர் அதிகாலை ஆராதனைக்குப் போய்வர முடியவேண்டும். சாப்பிட்டு எழுந்தவர் சாயங்காலம் சொந்தக்காரர் வீட்டுக்கு நடந்து போகிற தெம்போடு இருக்கவேண்டும். எல்லா அளவும் ஆறு பேருக்கு.

வசந்தம் என்று சொல்வதைவிட, பங்குனி

ஐரோப்பிய ஈஸ்டர் சமையல் புத்தகங்களைப் புரட்டினால் இளம் ஆட்டுக்கறி, தண்ணீர்விட்டான் தண்டு, பச்சைப் பட்டாணி என்று வரும். அங்கே பனி உருகி முதல் பச்சை தலைகாட்டும் காலம் அது. நமக்கு அப்படி இல்லை. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர் என்பது பழைய கணக்கு. அதன்படி மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் அது அமையலாம். நம் மாதக் கணக்கில் பங்குனி முதல் வாரம் தாண்டியதிலிருந்து சித்திரை பன்னிரண்டு வரை. பல வருடங்களில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி போகும் அதே நிலவு தேயத் தொடங்கும்போதுதான் நமக்கு ஈஸ்டர் வருகிறது.

சமைப்பவருக்கு இந்தக் கணக்கு முக்கியம். 2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027இல் மார்ச் 28. 2028இல் ஏப்ரல் 16, தமிழ்ப் புத்தாண்டு கழிந்த பிறகு. மார்ச்சிலேயே வந்துவிட்டால் நுங்கு அப்போதுதான் தலைகாட்டும், விலையும் கூட இருக்கும்; மாங்காய் சிறிதாக, துவர்ப்பாக இருக்கும். ஏப்ரல் நடுவில் வந்தால் நுங்கு வண்டி தெருவுக்குத் தெரு நிற்கும், மாங்காயில் புளிப்பு முற்றியிருக்கும், தர்ப்பூசணி மலிந்திருக்கும். முதலில் நாட்காட்டியைப் பாருங்கள், பிறகு பட்டியலைப் போடுங்கள்.

வேம்பு பூத்திருக்கும். முருங்கை காய்க்கத் தொடங்கியிருக்கும். வெள்ளரிப்பிஞ்சு கூடை கூடையாக வரும். பொள்ளாச்சிப் பக்கத்து இளநீர் எந்த மாதமும் உண்டு. ஆனால் அதன் அருமை தெரிவது இந்த மாதத்தில்தான். இவ்வளவும் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது வேறொரு நாட்டின் வசந்தத்தை டப்பாவில் வாங்கவேண்டிய தேவை இல்லை.

எங்கே, எப்போது வாங்குவது

காய்கறிக்கு உழவர் சந்தைதான். ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர் சந்தைகளுக்குக் காலை ஆறரைக்குள் போய்விட்டால் பனி ஈரம் காயாத கீரை கிடைக்கும். கேரட், பீட்ரூட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி எல்லாம் நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்கி அங்கிருந்து ஊருக்கு வருபவை. 'இங்கிலீஷ் காய்கறி' என்று நம் பாட்டிமார் சொல்லும் இந்தக் காய்கள் மலையில் வேரூன்றியதில் ஜான் சல்லிவனுக்குப் பங்கு உண்டு. 1815 முதல் 1830 வரை கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர் அவர். வெள்ளைக்காரர்களின் ஈஸ்டர் மேசைக்காக மலையேறிய காய் இன்று நம் பொரியலில் கிடக்கிறது. அதைப் பச்சையாகவும் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்ப்போம்.

மீனுக்கு உக்கடம். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அங்கே கூட்டம் நெரியும். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். செவுள் சிவந்து, கண் துருத்தி, அழுத்தினால் பள்ளம் விழாமல் எழும்பும் மீனாகப் பாருங்கள்.

முட்டையை மட்டும் முந்தின ஞாயிறே வாங்கிவிடவேண்டும். காரணம் கீழே.

நாமக்கல் முட்டைக்கு வெங்காயத் தோல் சாயம்

ஈஸ்டரும் முட்டையும் சேர்ந்த கதை எளிமையானது. பழைய ஐரோப்பாவில் லெந்து நாட்களில் முட்டையும் விலக்கு. கோழிக்கு நோன்பு கிடையாது. பகல் நீளும் காலத்தில் அது கூடுதலாகவே இடும். நாற்பது நாளில் சேர்ந்துபோன முட்டைகளை அவித்து, சாயம் தோய்த்து, நோன்பு முடிந்த காலையில் பகிர்ந்துகொண்டார்கள். கிழக்கு மரபுத் திருச்சபைகளில் சிவப்புச் சாயம்தான் வழக்கம்.

நம்மூரில் சாக்லேட் முட்டை வந்துவிட்டது. வாங்கி வீடு சேர்வதற்குள் பாதி உருகிவிடுகிறது. நாட்டுக்கே முட்டை அனுப்பும் நாமக்கல் நம் கொங்கு மண்ணில் இருக்கிறது. அந்த வெள்ளை முட்டை சாயத்தைப் பிடிப்பதுபோல் வேறு எதுவும் பிடிக்காது. பிள்ளைகளை சனிக்கிழமை மதியம் கூட்டி உட்காரவையுங்கள்.

சின்ன வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் காய்ந்த தோலை ஒரு பையில் சேர்த்துவாருங்கள். லெந்து தொடக்கத்திலிருந்து சேர்த்தால் தாராளமாக இருக்கும். இரண்டு கை நிறையத் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி ஆறவையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். வினிகர் இல்லாவிட்டால் சாயம் ஓட்டில் ஒட்டாமல் திட்டுத் திட்டாக நிற்கும். அவித்த முட்டைகளை அதில் அரை மணி நேரம் போட்டால் செங்கல் நிறம் வரும். ஃபிரிட்ஜில் இரவு முழுக்க விட்டால் ஆழ்ந்த செம்பழுப்பு. இன்னொரு பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி ஈரோட்டு மஞ்சள் தூள் போட்டுக் கொதிக்கவைத்தால் பளிச்சென்ற மஞ்சள். பீட்ரூட் சாயம் முதலில் அழகான ரோஜா நிறம் காட்டும். காய்ந்ததும் கொஞ்சம் மங்கிவிடும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஏமாறமாட்டார்கள்.

இதில் ஓர் அழகான வேலை உண்டு. கறிவேப்பிலையோ கொத்துமல்லித் தழையோ ஒன்றை நனைத்து முட்டையில் ஒட்டி, பழைய மெல்லிய துணியால் இறுக்கிச் சுற்றி நூலால் கட்டிச் சாயத்தில் போடுங்கள். அவிழ்த்தால் செம்பழுப்பு ஓட்டில் இலையின் வடிவம் வெள்ளையாக நிற்கும். ஒவ்வொரு காம்பும் தெரியும். எங்கள் வீட்டில் இப்போது ஈஸ்டர் என்றால் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான்.

அவிப்பதற்கு: தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு முட்டையை மெதுவாக இறக்கிப் பத்து நிமிடம். எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் போடுங்கள். அன்று வந்த முட்டையை அவித்தால் ஓடு உரியாமல் வெள்ளைக்கருவையும் பிய்த்துக்கொண்டு வரும். ஆறேழு நாள் ஃபிரிட்ஜில் இருந்தது சுலபமாக உரியும். முந்தின ஞாயிறே வாங்கச் சொன்னது அதனால்தான்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. அவித்த முட்டை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. மேசையில் அலங்காரமாக வைக்கும் முட்டை வேறு, சாப்பிடும் முட்டை வேறு என்று பிரித்துவிடுங்கள். சாப்பிடுவது ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும்.

சாப்பிடும் முட்டைக்கு மாங்காய்த் துவையல். அரை மூடி தேங்காய், கால் மாங்காய், இரண்டு பச்சை மிளகாய், நாலு சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி கொத்துமல்லித் தழை, உப்பு. தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைக்கவேண்டும். முட்டையை நீளவாக்கில் பிளந்து மேலே ஒரு தேக்கரண்டித் துவையல் வைத்து, மிளகுத்தூள் தூவிப் பரிமாறுங்கள். மாங்காய் புளிப்பும் மஞ்சள் கருவும் சேர்ந்தால் ஒன்றோடு யாரும் நிறுத்தமாட்டார்கள். ஆளுக்கு இரண்டு முட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலயத்திலிருந்து வந்தவுடன்

ரேஸ்கோர்ஸில் 1872இல் எழுந்த ஆல் சோல்ஸ் ஆலயம் ஆகட்டும், பெரிய கடை வீதி புனித மிக்கேல் பேராலயம் ஆகட்டும், ஈரோட்டு பிரப் நினைவு ஆலயம் ஆகட்டும், வெளியே வரும்போது எல்லோருக்கும் தொண்டை வறண்டிருக்கும். கத்தோலிக்கர் என்றால் சனி நள்ளிரவுத் திருவிழிப்பு முடித்துத் தூங்கி எழுந்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் காப்பியைத் தேடாமல் முதலில் ஒரு டம்ளர் நுங்கு இளநீர் கொடுத்துப் பாருங்கள்.

பன்னிரண்டு நுங்குச் சுளை, மூன்று இளநீர், ஒரு எலுமிச்சை, பத்துப் புதினா இலை. நுங்கின் மேல் தோலை உரித்துவிடுங்கள், துவர்ப்பு அதில்தான். பாதிச் சுளையைக் கையால் மசித்து, மீதியைச் சிறு துண்டாக நறுக்கி, இளநீரில் போட்டு எலுமிச்சை பிழிந்து, கசக்கிய புதினாவைத் தூவினால் முடிந்தது. மிக்ஸியில் அடித்தால் நுரைத்துக் கெட்டுவிடும். சர்க்கரை வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களும் எலுமிச்சை கூடுதலாகச் சேர்த்து அரை டம்ளர் அளவாகக் குடிக்கலாம். நுங்கு கிடைக்காத மார்ச் ஈஸ்டரில் தர்ப்பூசணியைச் சிறு சதுரமாக வெட்டிப் போட்டு இதையே செய்யுங்கள்.

சந்தகை

இந்தப் பந்தியின் நடுநாயகம் இதுதான். சந்தகையை இடியாப்பம் என்று சொன்னால் கொங்குக்காரர் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். இடியாப்பம் மாவைப் பிசைந்து பிழிந்து பிறகு வேகவைப்பது. சந்தகை அரிசியை ஊறவைத்து அரைத்து, இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுமுன் சந்தகை மரத்தில் பிழிவது. அந்த மென்மையும் லேசான வழுவழுப்பும் இடியாப்பத்துக்கு வராது.

எங்கள் அம்மாவுக்கு ஒரு ஈஸ்டருக்கு முன் காய்ச்சல். கறி எடுக்க ஆளில்லை. அம்மாயி ஊரிலிருந்து வந்திருந்தார். "இன்னைக்குச் சந்தகை பிழியலாம், எல்லாருமா கோயிலுக்குப் போலாம்" என்று முடிவு சொல்லிவிட்டார். அன்றுதான் அம்மா எங்களோடு முதல் வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடியதைப் பார்த்தேன். வந்ததும் அப்பா மரத்தின் கைப்பிடியை அழுத்த, நாங்கள் தட்டு ஏந்தினோம். சந்தகை ஒருவரால் ஆகாத வேலை. அழுத்த ஒருவர், சுற்றிவாங்க ஒருவர் வேண்டும். வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் அடுப்படிக்குள் வந்தே ஆகவேண்டிய பலகாரம் இது. ஈஸ்டருக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது.

அரைக் கிலோ இட்லி அரிசியைச் சனிக்கிழமை மாலை ஊறப்போடுங்கள். நாலு மணி நேரம் போதும். இரவு உப்புச் சேர்த்து நைஸாக அரைத்து உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். இட்லி மாவுபோல் புளிக்கவிடக்கூடாது. புளித்தால் சந்தகை அறுந்து அறுந்து விழும். காலையில் வந்ததும் இட்லித் தட்டில் ஊற்றிப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வேகவிடுங்கள். ஈடு இறங்கியதும் சூட்டோடு சூடாகப் பிழியவேண்டும். ஆறிவிட்டால் மரம் அழுந்தாது, கைதான் வலிக்கும். பிழிந்ததை ஈரத்துணியால் மூடிவைத்தால் மதியம் வரை மெத்தென்று இருக்கும். மரம் இல்லாதவர்கள் ஊரில் சந்தகை பிழிந்து விற்பவரிடம் சனிக்கிழமையே சொல்லிவைக்கலாம். அதில் குறை ஒன்றுமில்லை.

காலைக்குத் தேங்காய்ப்பால். ஒரு பெரிய தேங்காயைத் துருவி அரைத்து முதல் பாலை மட்டும் எடுங்கள். நாட்டுச்சர்க்கரை, ஏலக்காய் சேர்த்துச் சந்தகையில் ஊற்றிச் சாப்பிடவேண்டியதுதான். கவுந்தப்பாடிச் சர்க்கரை கிடைத்தால் விடாதீர்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போவதும் அந்த ஊர்ச் சர்க்கரையே. தேங்காய்ப்பாலை முந்தின நாளே எடுக்காதீர்கள், பங்குனி வெயிலில் சீக்கிரம் திரிந்துவிடும். தேங்காயைத் துருவி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் பால் எடுக்கப் பத்து நிமிடம்தான் ஆகும்.

மதியத்துக்கு மீதிச் சந்தகையை உதிர்த்து எலுமிச்சைச் சந்தகை. மூன்று மேசைக்கரண்டி கடலெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள் தாளித்து, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிந்து கலக்கவேண்டும். கொஞ்சம் நீலகிரிப் பச்சைப் பட்டாணியை வேகவைத்துச் சேர்த்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

வேப்பம்பூ ரசம்

இதைச் சொன்னால் பலர் நெற்றியைச் சுருக்குவார்கள். திருநாளில் கசப்பா? யாத்திராகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தில் பஸ்காவைக் கசப்பான கீரைகளோடு புசிக்கச் சொல்லியிருக்கிறது. எகிப்தின் அடிமைத்தனத்தை நாவில் நினைவுபடுத்துவதற்கான கசப்பு என்பது யூதர் வழக்கு. ஈஸ்டரின் வேர் அந்தப் பஸ்காவில் இருக்கிறது. நமக்கோ அதே வாரத்தில் வாசல் வேம்பு பூத்து உதிர்கிறது. சித்திரை முதல் நாளில் அந்தப் பூவைச் சமைக்கும் அக்கம்பக்கத்து வீடுகளும் அதே கசப்பைத்தான் தேடுகின்றன. நான் பெரிய வியாழன் இரவு இந்த ரசத்தை வைக்கிறேன். ஞாயிறு மதியமும் ஒரு சின்னக் கிண்ணம் வைப்பேன். எண்ணெய்ப் பண்டம் இல்லாத பந்தியில் அது ஒரு கனத்தைக் கொடுக்கும்.

வழக்கமான புளி ரசத்தைப் பருப்பு இல்லாமல், பூண்டு குறைத்து வையுங்கள். நுரை கட்டி வரும்போது இறக்கிவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி வேப்பம்பூவை ஒரு தேக்கரண்டி நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, கடைசியில் ரசத்தில் கொட்டி மூடுங்கள். பூவைப் போட்ட பிறகு கொதிக்கவிட்டால் கசப்பு முழுக்க இறங்கி யாரும் தொடமாட்டார்கள். பூவைச் சாலையோர மரத்தில் பொறுக்காமல் தோட்டத்து மரத்தடியில் துணி விரித்துச் சேகரியுங்கள்.

வாழையிலை மீன்

உயிர்த்த இயேசு சீடர்களோடு சாப்பிட்டது என்ன என்பதற்கு வேதத்திலேயே பதில் இருக்கிறது. லூக்கா 24இல் அவருக்கு மீன் கொடுக்கிறார்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அதோடு தேன்கூடும் வருகிறது. யோவான் 21இல் திபேரியாக் கடற்கரையில் விடியற்காலையில் கரிநெருப்பில் மீன் வைத்து அவரே சீடர்களைச் சாப்பிட அழைக்கிறார். அதாவது ஈஸ்டர் உணவு என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அது மீன்தான். கறி இல்லாமல் என்ன ஈஸ்டர் என்று கேட்கும் பெரியவர்களிடம் இதைத்தான் சொல்லுவேன். வேதத்தைக் காட்டினால் அவர்கள் மறுப்பதில்லை.

பவானிசாகர், ஆழியாறு அணை மீன் கிடைத்தால் நல்லது. கால் கிலோ சொச்சம் உள்ள ஜிலேபி மீன் ஆளுக்கு ஒன்று முழுதாக வாங்கிச் செதில் நீக்கி, இரண்டு பக்கமும் மூன்று கீறல் போட்டுவாங்குங்கள். முள் பயம் உள்ள வீட்டில் வஞ்சிரத் துண்டு. சனிக்கிழமை கழுவி, மஞ்சளும் உப்பும் மட்டும் தடவி ஃபிரிட்ஜில் வையுங்கள். புளிப்பு எதையும் இரவே சேர்க்கவேண்டாம், சதை வெளுத்துத் தளர்ந்துவிடும்.

அரைக்க: இருபது சின்ன வெங்காயம், இரண்டு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், ஆறு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, கைப்பிடிக் கொத்துமல்லித் தழை, கால் மூடித் தேங்காய், அரை மாங்காய். இதைக் கரகரப்பாக அரைத்து மீனின் உள்ளும் புறமும் அப்புங்கள். வாழையிலையைத் தணலில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. மடித்து நாரால் கட்டி, இட்லிப் பானையில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வேகவையுங்கள். பிறகு சூடான தோசைக்கல்லில் இலையோடு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போட்டால் இலை கருகும் வாசம் மீனில் ஏறும். எண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம். ஆளுக்கு ஒரு பொட்டலம் கட்டவிழ்க்காமலே வைத்துப் பரிமாறுங்கள். பிரிக்கும்போது எழும் ஆவியை அவரவர்தான் முதலில் முகரவேண்டும்.

கறி வேண்டும் என்று நிற்பவர் வீட்டில் ஒருவராவது இருப்பார். அவருக்குப் பள்ளிபாளையம் சிக்கன். பொடி மசாலா அரைக்கவேண்டாம். அரைக் கிலோ கோழியைச் சிறு துண்டாக வெட்டி, இரண்டாகக் கிள்ளிய பத்து வரமிளகாயின் விதையை உதறிவிட்டு, இருபது சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்போடு மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் வதக்கி மூடினால் கோழி விடும் தண்ணீரிலேயே இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும். கடைசியில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். ஆளுக்கு நாலு துண்டு, அவ்வளவுதான்.

பச்சையாக ஒன்று

நூறு கிராம் பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். நாலு வெள்ளரிப்பிஞ்சு, இரண்டு கேரட், அரை மாங்காய் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலோடு கலந்து கடுகு தாளித்துக் கொட்டினால் கோசுமல்லி. உப்பை இலையில் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் சேர்க்கவேண்டும். முன்பே போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டு எல்லாம் மிதக்கும். வெள்ளரியில் கசப்பு உண்டா என்று ஒவ்வொன்றின் காம்புப் பக்கத்தையும் கடித்துப் பார்த்தே சேருங்கள். ஒரு கசப்புப் பிஞ்சு பாத்திரம் முழுவதையும் கெடுத்துவிடும்.

இளநீர்ப் பாயசம்

ஒப்புட்டு சுட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அடுப்புமுன் ஒரு மணி நேரம் நிற்கவேண்டும். இந்தப் பந்தியில் இனிப்புக்கு அடுப்பே வேண்டாம். மூன்று இளநீரின் வழுக்கையில் பாதியை இளநீர் விட்டு மைய அரைத்து, மீதியைச் சீவிப் போட்டு, இரண்டு டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை ஏலக்காய், தேவைக்கு மலைத்தேன் சேர்த்துக் குளிரவைத்தால் பாயசம். லூக்கா சொல்லும் தேன்கூட்டை நினைத்துத்தான் நான் இதில் சர்க்கரைக்குப் பதில் தேன் விடுகிறேன். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது. அதற்கு வெறும் வழுக்கையை மசித்துக் கொடுங்கள்.

இளநீரில் கடல்பாசி செய்து வைத்தாலும் நல்லது. நம் ஊர் முஸ்லிம் நண்பர்கள் நோன்பு திறக்கும்போது செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. ஒரு லிட்டருக்குப் பத்துக் கிராம் கடல்பாசி. இதைச் சனிக்கிழமையே செய்து குளிரவைத்துவிடலாம். ஜெலட்டின்போல் அறை வெப்பத்தில் உருகி ஓடாது.

நேரக் கணக்கு

சனி காலை உக்கடமும் உழவர் சந்தையும். மதியம் முட்டைச் சாயம், பிள்ளைகள் பொறுப்பு. மாலை ஆறு மணிக்கு அரிசி ஊறவேண்டும். மீன் மசாலாவை மாங்காய் சேர்க்காமல் அரைத்து வையுங்கள். தேங்காய் துருவி, கடல்பாசி காய்ச்சி, ரசத்துக்குப் புளி கரைத்து வையுங்கள். பத்து மணிக்கு மாவு அரைத்ததும் அடுப்படி விளக்கை அணைத்துவிடலாம். ஞாயிறு காலை ஆராதனை முடிந்து ஏழு மணிக்கு வீடு வந்தால் நுங்கு இளநீர், ஏழரைக்கு இட்லி ஈடு, எட்டரைக்குச் சந்தகையும் தேங்காய்ப்பாலும் முட்டையும். பிறகு பதினொன்றரை வரை யாரும் அடுப்படிப் பக்கம் போகவேண்டியதில்லை. பதினொன்றரைக்கு மசாலாவில் மாங்காயை அரைத்துச் சேர்த்து இலை மடிக்கத் தொடங்கினால் ஒரு மணிக்குப் பந்தி.

வாழையிலையில் சாப்பிடுங்கள், கழுவவேண்டிய பாத்திரம் பாதியாகும். மீதிப் பாதியைச் சமைத்தவர் கையில் விடாதீர்கள். சந்தகை மரத்தை அழுத்தியவரே அதன் அச்சைக் கழற்றி, மாவு காய்வதற்குள் கழுவிக் கவிழ்த்து வைக்கட்டும்.